செர்னோபில்: தீ அணைந்தது, விஷம் அணையவில்லை

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய படிப்பு வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)

அணு உலை வெடித்தால் எத்தனை பேர் சாவார்கள் என்று கேட்கிறார்கள். 1986 ஏப்ரல் 26-ந் தேதி விடியற்காலை, சோவியத் உக்ரேனில் செர்னோபில் அணு மின்சார நிலையத்தின் 4-வது யூனிட் வெடித்தது. அன்று இறந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பம்பு ஆப்பரேட்டர் கோதெம்சுக். அவருடைய உடல் கிடைக்கவே இல்லை, இடிபாட்டுக்குள்ளேயே இருக்கிறது. இன்னொருவர் ஷஷெனோக். தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் காலையில் இறந்தார்.

இரண்டே பேரா? அப்படியானால் நம் ஊரில் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தால் சாகிறவர்களின் தொகை இதைவிட அதிகமாயிற்றே என்று உங்களுக்குத் தோன்றும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. மற்ற விபத்துக்களில் தீ அணைந்தால் விபத்து முடிந்தது. பிணத்தை எண்ணலாம், நஷ்ட ஈடு கேட்கலாம். அணு உலை விபத்தில் தீ அணைந்த பிறகுதான் கணக்கே ஆரம்பமாகிறது. அந்தக் கணக்கைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ராத்திரி ஷிப்டில் நடந்தது

அணு உலை என்பது அடிப்படையில் ஒரு கொதிகலன்தான். நம் ஆலையில் நிலக்கரி எரிந்து நீரை ஆவியாக்கியது போல, அங்கே யுரேனியம் என்ற உலோகத்தின் அணுக்கள் பிளந்து, அந்தச் சூட்டில் நீர் ஆவியாகி டர்பைனைச் சுற்றுகிறது. நிலக்கரி எரிந்தால் சாம்பல் மிஞ்சும். யுரேனியம் பிளந்தால் மிஞ்சுகிற சாம்பல்தான் விஷம். அது கண்ணுக்குத் தெரியாத கதிரை வீசிக்கொண்டே இருக்கும். அதைத்தான் கதிரியக்கம் என்கிறோம்.

அன்று அங்கே ஒரு சோதனை நடக்க இருந்தது. வெளி மின்சாரம் நின்று போனால், டீசல் யந்திரம் ஓடத் தொடங்கும் வரை, சுழன்றுகொண்டிருக்கும் டர்பைனின் மிச்ச வேகத்தைக் கொண்டே பம்புகளை ஓட்ட முடியுமா என்று பார்க்கும் சோதனை. அதைப் பகல் ஷிப்டில் செய்வதாக ஏற்பாடு. ஆனால் "மின்சாரம் தேவை, இப்போது குறைக்காதே" என்று கீவ் நகரத்து மின் விநியோக அதிகாரி சொன்னார். சோதனை 9 மணி நேரம் தள்ளிப் போயிற்று. தயாராக இருந்த ஷிப்டு வீட்டுக்குப் போய்விட்டது. நடு ராத்திரி வந்த ஷிப்டின் தலையில் வேலை விழுந்தது.

உற்பத்தியை நிறுத்தாதே என்று மேலிருந்து வரும் உத்தரவு ராத்திரி ஷிப்டுக்காரன் தலையில் விடிவது எப்படி என்று ஆலைத் தோழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உலையின் வேகம் திட்டமிட்டதற்கு வெகு கீழே விழுந்துவிட்டது. அதைத் தூக்கி நிறுத்த, வேகத்தைக் கட்டுப்படுத்தும் தண்டுகளில் பெரும்பாலானவற்றை வெளியே இழுத்தார்கள். 1 மணி 23 நிமிஷத்துக்கு, உலையை அடியோடு நிறுத்தும் பொத்தானை அழுத்தினார்கள். தண்டுகள் உள்ளே இறங்கினால் உலை நிற்க வேண்டும். ஆனால் அந்தத் தண்டுகளின் கீழ்ப்பகுதியில் இருந்தது கிராபைட்டு. அது உள்ளே இறங்கிய முதல் சில விநாடிகள் வேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது! பிரேக்கை மிதித்தால் வண்டி பாய்வது போல. உலை வெடித்தது. ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட அதன் மூடி தூக்கி எறியப்பட்டது.

இந்தக் குறை யாருக்கும் தெரியாததா? தெரியும். 1983-ல் லிதுவேனியாவில் இக்னாலினா நிலையத்தில் இதே மாதிரி உலையைச் சோதித்தபோதே பொறியாளர்கள் கண்டார்கள். அந்த அபாயத்தைச் செர்னோபிலில் பொத்தானை அழுத்தியவர்களுக்கு யாரும் புரிய வைக்கவில்லை. யந்திரத்தின் குறை யந்திரத்தை ஓட்டுகிறவனுக்குத் தெரியாமல் வைக்கப்பட்டது. 1987-ல் நடந்த வழக்கில் நிலையத்தின் டைரக்டர், தலைமைப் பொறியாளர், துணைத் தலைமைப் பொறியாளர் மூவருக்கும் தலைக்குப் பத்து வருஷம் சிறை. உலையை வடிவமைத்தவர்கள் அந்தக் கூண்டில் நிற்கவில்லை. 1992-ல்தான் சர்வதேச அணுசக்தி ஏஜென்சியின் நிபுணர்கள் தம் பழைய அறிக்கையைத் திருத்தி, வடிவத்தின் குறைதான் பிரதானம் என்று எழுதினார்கள்.

முப்பத்தாறு மணி நேர மௌனம்

நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் பிரிப்பியாத் நகரம். சுமார் 49,000 ஜனங்கள். அங்கே வேலை செய்தவர்களின் குடும்பங்கள். சனிக்கிழமை பகல் முழுவதும் குழந்தைகள் தெருவில் விளையாடின. கல்யாணம்கூட நடந்தது. மறுநாள் ஞாயிறு பிற்பகல்தான், ஆயிரத்துக்கு மேற்பட்ட பஸ்களில் ஊரையே காலி செய்தார்கள். "மூன்று நாளில் திரும்பலாம்" என்று சொல்லி அழைத்துப் போனார்கள். அவர்கள் திரும்பவே இல்லை. அந்த நகரம் இன்றும் பாழ்.

உலகத்துக்கு யார் சொன்னது? 28-ந் தேதி காலை, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், சுவீடனில் பார்ஸ்மார்க் அணு மின் நிலையத்துத் தொழிலாளி ஒருவரின் காலணியில் கதிரியக்கம் இருப்பதாகக் கருவி சத்தமிட்டது. அங்கிருந்து துருவித் துருவிக் கேட்ட பிறகு, அன்று இரவு மாஸ்கோவிலிருந்து சில வரிச் செய்தி வந்தது. மே 1-ந் தேதி கீவ் நகரத்தில் மே தின ஊர்வலமும் நடந்தது. குழந்தைகளும் அதில் நடந்தார்கள். தலைவர் கொர்பச்சேவ் டெலிவிஷனில் ஜனங்களிடம் பேசியது மே 14-ந் தேதி.

தோழர்களே, மே தினம் நமக்கு எத்தகைய நாள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நாளின் பெயரைச் சொல்லியே உழைக்கும் ஜனங்களின் குழந்தைகளைக் கதிரியக்கத் தூசியில் நடக்க விட்டார்கள். இதைச் சொல்ல நமக்குக் கசக்கும். கசப்பாக இருப்பதால்தான் நாமே சொல்ல வேண்டும். எதிரி சொல்கிறான் என்பதற்காக உண்மை பொய்யாகிவிடாது. தொழிலாளிகளின் பெயரால் ஆளும் சர்க்கார் தொழிலாளியிடம் உண்மையை மறைத்தால், அந்தப் பெயர் வெறும் பெயர்ப் பலகைதான்.

பால் வழியாக வந்த வியாதி

உலை பத்து நாள் எரிந்தது. ஹெலிகாப்டர்களிலிருந்து மணலும் களிமண்ணும் ஈயமும் போரானுமாகச் சுமார் 5,000 டன் கொட்டினார்கள். அந்தப் பத்து நாளும் விஷச் சாம்பல் காற்றோடு போயிற்று. மழை பெய்த இடத்தில் இறங்கியது. மிக அதிகமாக விழுந்தது பெலாரஸ் நாட்டில். அதன் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு கெட்டது. அந்தச் சாம்பலில் பல சரக்குகள். மூன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது அயோடின். எட்டு நாளைக்கு ஒரு முறை பாதியாகும். மூன்று மாதத்தில் இருந்த இடம் தெரியாது. இரண்டாவது சீசியம். பாதியாக முப்பது வருஷம். 1986-ல் விழுந்தது 2016-ல் பாதி, 2046-ல் கால். மூன்றாவது புளூட்டோனியம். அது பாதியாக 24,000 வருஷம்! மனிதன் நெல் விதைக்கத் தொடங்கியே அத்தனை காலம் ஆகவில்லை.

அயோடின் சீக்கிரம் அழிந்துவிடுகிறதே, அதனால் என்ன ஆபத்து என்று கேட்கலாம். கழுத்தில், குரல்வளைக்குக் கீழே தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதற்கு அயோடின்தான் தீனி. அதனால்தான் உப்பில் அயோடின் கலக்கிறார்கள். விஷ அயோடினா, நல்ல அயோடினா என்று அந்தச் சுரப்பிக்கு வித்தியாசம் தெரியாது. அந்தப் பிரதேசத்து மண்ணில் இயல்பாகவே அயோடின் குறைவு. பசித்திருந்த சுரப்பி கிடைத்ததை விழுங்கியது.

எப்படிக் கிடைத்தது? காற்றிலிருந்து புல்லுக்கு. ஒரு பசு ஒரு நாளில் எத்தனை பரப்புப் புல்லை மேய்கிறது என்று மாடு மேய்த்தவர்களுக்குத் தெரியும். அத்தனை பரப்பில் விழுந்த விஷமும் அதன் மடியில் சேர்ந்தது. மடியிலிருந்து பாலுக்கு. பாலிலிருந்து குழந்தைக்கு. குழந்தையின் சுரப்பி சின்னது. குடிக்கிற பாலோ அதிகம். வீட்டுக்கு ஒரு பசு வைத்திருந்த ஏழைக் கிராமத்துக் குழந்தைகள்தான் அதிகம் அடிபட்டன.

இதைத் தடுக்க என்ன வேண்டும்? இரண்டே காரியம். சில வாரம் அந்தப் பாலைக் குடிக்காதே என்று சொல்வது. நல்ல அயோடின் மாத்திரையை முன்கூட்டியே கொடுத்துச் சுரப்பியை நிரப்பிவிடுவது. பக்கத்து நாடான போலந்து செய்தது. ஏப்ரல் 29-லிருந்து ஒரு கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அயோடின் மருந்து கொடுத்தது. பிரிப்பியாத் நகரத்தில் மாத்திரை கொடுத்தார்கள். ஆனால் உக்ரேன், பெலாரஸ், ருஷ்யா கிராமங்களில் பெரும்பாலும் மாத்திரையும் இல்லை. பாலைக் குடிக்காதே என்ற எச்சரிக்கையும் காலத்தில் போய்ச் சேரவில்லை.

இது 1986-ல் யாருக்கும் தெரியாத புது ஞானமா? இல்லை. 1957 அக்டோபரில் இங்கிலாந்தில் விண்ட்ஸ்கேல் அணு உலை எரிந்தபோதே, சுமார் 500 சதுர கிலோமீட்டர் வட்டாரத்துப் பாலைச் சேகரித்துக் கொட்டினார்கள். பால்தான் வழி என்பது 29 வருஷம் முன்பே தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் விட்டார்கள். அவ்வளவுதான்.

நாலு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. 1990 வாக்கில் குழந்தைகளின் கழுத்தில் கட்டி வரத் தொடங்கியது. தைராய்டு புற்றுநோய் குழந்தைகளுக்கு மிக மிக அபூர்வமான வியாதி. பெலாரஸின் கோமெல் வட்டாரத்தில் அது மளமளவென்று ஏறியது. 1991-ல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று, கதிரியக்கத்தால் நேரடியாக வந்த வியாதி எதையும் காணவில்லை என்று அறிக்கை கொடுத்தது. அடுத்த வருஷமே மின்ஸ்க் நகரத்து டாக்டர்கள் தம் ஆஸ்பத்திரிக் கணக்கை உலக விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். வெளிநாட்டு நிபுணர்கள் பலர் முதலில் நம்பவில்லை. பிறகு நேரில் பார்த்து ஒப்புக்கொண்டார்கள்.

2005-க்குள், அன்று குழந்தைகளாக இருந்தவர்களில் 6,000 பேருக்கு மேல் இந்த வியாதி வந்திருந்தது. 2015-க்குள் 19,000-த்தைத் தாண்டியது. வயது ஏறினால் இயல்பாகவும் வரும். நல்ல கருவிகளால் அதிகமாகவும் கண்டுபிடிக்கிறார்கள். அதையெல்லாம் கழித்து, இதில் சுமார் கால் பங்கு கதிரியக்கத்தால் வந்தது என்று ஐக்கிய நாடுகளின் விஞ்ஞானக் குழு 2018-ல் மதிப்பிட்டது. நல்ல வேளையாக இது அறுவைச் சிகிச்சையில் தீரக்கூடியது. இறந்தவர்கள் மிகச் சிலர். ஆனால் கழுத்தில் தழும்போடு, ஆயுள் முழுவதும் தினம் ஒரு மாத்திரை விழுங்கி வாழ வேண்டும். சில வாரம் பாலை நிறுத்தியிருந்தால் இவர்களில் பெரும்பாலோர் தப்பியிருப்பார்கள்.

அணைத்தவர்களின் கதி

வெடித்த இரவில் முதலில் ஓடி வந்தவர்கள் தீயணைப்புத் தொழிலாளிகள். என்ன எரிகிறது என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அவர்களிலும் நிலையத்துத் தொழிலாளிகளிலும் 134 பேருக்குக் கடுமையான கதிர் நோய் கண்டது. 28 பேர் சில மாதங்களுக்குள் இறந்தார்கள்.

பிறகு துப்புரவுக்காக நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வந்தார்கள். ராணுவத்தார், டிரைவர்கள், கொத்தர்கள், வெல்டர்கள், செவிலியர்கள். மொத்தம் சுமார் 6 லட்சம் பேர். துலாவிலிருந்தும் தொன்பாஸிலிருந்தும் வந்த சுரங்கத் தொழிலாளிகள் உலைக்கு அடியிலேயே சுரங்கம் தோண்டினார்கள். தாங்க முடியாத வெக்கை. அங்கே குளிர்விக்கும் யந்திரம் வைப்பதாகத் திட்டம். கடைசியில் அது தேவைப்படவே இல்லை. சுரங்கத்தைக் காங்கிரீட்டால் நிரப்பினார்கள். கூரை மேல் சிதறிக் கிடந்த கிராபைட்டை அள்ள யந்திர மனிதர்களை அனுப்பினார்கள். கதிரியக்கத்தில் யந்திரம் பழுதாகி நின்றது. எனவே மனிதர்களை அனுப்பினார்கள்! ஒரு ஆள் ஓடிப் போய், ஒன்றிரண்டு மண்வெட்டி அள்ளிப் போட்டுவிட்டு, ஓரிரு நிமிஷத்துக்குள் திரும்பி ஓடி வர வேண்டும். அதோடு அவனுக்கு உரிய அளவு முடிந்தது.

அந்த வீரத்தை யாரும் குறைக்க முடியாது. அவர்கள் இல்லாவிட்டால் ஐரோப்பாவின் கதி இன்னும் மோசமாகியிருக்கும். ஆனால் அவர்கள் வாங்கிக்கொண்ட கதிரின் அளவு சரியாக எழுதி வைக்கப்பட்டதா? பலருக்கு அளவு கருவியே கிடையாது. பலருடைய அளவு குத்துமதிப்பாக எழுதப்பட்டது. பின்னால் அவர்களிடையே ரத்தப் புற்றுநோய் கூடியதாகவும், கண் புரை அதிகம் வந்ததாகவும் விஞ்ஞானிகள் கண்டார்கள். நோய் வந்து போய்க் கேட்டால், "உன் அளவு குறைவு, இது அதனால் வந்ததல்ல" என்று காகிதத்தைக் காட்டினார்கள். மில்லில் பஞ்சுத் தூசி தின்று நுரையீரல் கெட்டவனிடம் "பீடி குடித்ததால் வந்தது" என்று சொல்கிறார்களே, அதே கதை.

சோவியத் யூனியன் 1991-ல் கலைந்தது. அந்த 6 லட்சம் பேரும் வெவ்வேறு நாட்டுப் பிரஜைகளாகச் சிதறினார்கள். கொடுப்பதாகச் சொன்ன சலுகைகளை ஒவ்வொரு சர்க்காராக வெட்டின. 2011 நவம்பரில் உக்ரேன் சர்க்கார் பென்ஷனைக் குறைத்தபோது, கிழவர்களாகிவிட்ட அந்தத் தொழிலாளிகள் கீவிலும் தொன்யெத்ஸ்கிலும் போராட்டத்தில் இறங்கினார்கள். தொன்யெத்ஸ்க் உண்ணாவிரதக் கூடாரத்தில் ஒருவர் உயிரும் விட்டார்.

கம்பளி ஆலையில்

ஆலைத் தோழர்கள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும். விபத்து நடந்தது ஏப்ரல் கடைசியில். ஆடுகள் வெளியே மேய்ந்த காலம். ரோமத்தில் தூசி ஒட்டியது. அந்த ரோமம் பேல் பேலாகச் செர்னிகிவ் என்ற நகரத்துக் கம்பளி ஆலைக்குப் போயிற்று. விலக்கப்பட்ட பிரதேசத்துக்கு வெளியே இருக்கும் ஊர் அது. பேலை இறக்கியவர்களும், பிரித்தவர்களும், தரம் பார்த்தவர்களும் கட்டித் தழுவித் தூக்கியது கதிரியக்கத்தை. அமெரிக்கச் சரித்திர ஆசிரியை கேட் பிரவுன் பின்னால் பழைய தஸ்தாவேஜுகளைப் புரட்டியபோது, செர்னோபில் துப்புரவுத் தொழிலாளருக்கு உரிய அந்தஸ்து கேட்டவர்களின் பட்டியலில் இந்த ஆலையைச் சேர்ந்த சுமார் 300 பேரின் பெயர் இருக்கக் கண்டார். கம்பளி ஆலைக்கும் அணு உலைக்கும் என்ன சம்பந்தம் என்று அவரே முதலில் திகைத்தார். போய்ப் பார்த்தபோதுதான் விளங்கியது.

ஆலை வாசலுக்குள் வருகிற மூலப் பொருள் எங்கிருந்து வருகிறது, அதில் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை தொழிலாளிக்கு இல்லையென்றால், விபத்து நூறு மைலுக்கு அப்பால் நடந்தாலும் அது நம் ப்ளோரூமுக்குள் வந்துவிடும்.

இறைச்சியின் கதையும் இப்படித்தான். கெட்டுப் போன பிரதேசத்து இறைச்சியை நல்ல இறைச்சியோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து நாடெங்கும் அனுப்ப மேலிடத்தில் யோசனை நடந்தது என்பதை, பத்திரிகை நிருபரும் சோவியத் பிரதிநிதியுமான அல்லா யரொஷின்ஸ்கயா ரகசிய ஆவணங்களிலிருந்து வெளியிட்டார்.

மண்ணும் காடும்

இனி விவசாயத் தோழர்கள் கேட்க வேண்டியது. சீசியம் பொட்டாசியத்தின் பங்காளி. செடி பொட்டாஷ் உரத்தை உறிஞ்சுவது போலவே சீசியத்தையும் உறிஞ்சும். ஸ்ட்ரான்ஷியம் என்ற இன்னொரு சரக்கு சுண்ணாம்புச் சத்தின் பங்காளி. எலும்பில் போய் உட்காரும்.

உக்ரேன், பெலாரஸ், ருஷ்யா மூன்றிலும் சுமார் 7 லட்சத்து 84 ஆயிரம் ஹெக்டேர் விவசாய நிலம், அதாவது 19 லட்சம் ஏக்கருக்கு மேல், உழவிலிருந்து நீக்கப்பட்டது. ஏறக்குறைய 7 லட்சம் ஹெக்டேர் காட்டில் மரம் வெட்டுவது நின்றது. 1986-ல் மட்டும் சுமார் 1 லட்சத்து 16 ஆயிரம் பேரும், பிறகு இன்னும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களும் ஊரை விட்டுக் கிளப்பப்பட்டார்கள்.

மற்ற இடங்களில் விவசாயம் நடந்தது. எப்படி? நிலத்தை ஆழ உழுது மேல் மண்ணைக் கீழே தள்ளினார்கள். பொட்டாஷ் உரத்தை அதிகம் போட்டார்கள். செடி பொட்டாஷை உண்டு வயிறு நிரம்பினால் சீசியத்தைக் குறைவாக எடுக்கும். சுண்ணாம்பு இட்டார்கள். மாட்டுக்கு 'பிரஷ்யன் நீலம்' என்ற சாயப் பொருளைத் தீனியோடு கொடுத்தார்கள். அது வயிற்றிலேயே சீசியத்தைப் பிடித்துச் சாணத்தோடு வெளியேற்றும். இவையெல்லாம் பலன் தந்தன. ஆனால் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும், வருஷா வருஷம் வேண்டும். 1990-களில் சர்க்கார்கள் ஓட்டாண்டியானதும் உரம் குறைந்தது. சீசியம் மறுபடி பயிரில் ஏறியது. களிமண் நிலம் சீசியத்தை இறுகப் பிடித்து வைக்கும். அழுகிய தாவரங்களால் ஆன ஈரக் கரம்பை பிடிக்காது. செடிக்கு விட்டுக் கொடுத்துவிடும். அந்த மாதிரி மண்ணில் வாழ்ந்தவர்கள்தான் பரம ஏழைகள். காட்டுக் காளானும் காட்டுப் பழமும் பொறுக்கித் தின்றவர்களும் அவர்களே. காட்டுக் காளானில் சீசியம் இன்றும் இருக்கிறது.

எவ்வளவு தூரம் போயிற்று? இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மலைகளில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட ஆடுகளின் விற்பனைக்கு 1986-ல் கட்டுப்பாடு வந்தது. கடைசிக் கட்டுப்பாடு நீங்கியது 2012-ல்! விபத்து நடந்த இடத்திலிருந்து 2,000 கிலோமீட்டருக்கு அப்பால், 26 வருஷம்!

நிலையத்தை ஒட்டியிருந்த பைன் காடு சில வாரத்தில் சிவந்து கருகியது. அதைச் சாய்த்துப் புதைத்தார்கள். 'செங்காடு' என்று இன்றும் பெயர். அதே சமயம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மனிதர் போன பிறகு ஓநாயும் காட்டுப் பன்றியும் மானும் அங்கே பெருகின. 1998-ல் கொண்டுவந்து விட்ட காட்டுக் குதிரைகளும் பெருகின. கதிரியக்கம் நல்லது என்று இதற்கு அர்த்தமல்ல. பறவைகளிலும் பூச்சிகளிலும் கேடு இருப்பதாகச் சொல்லும் விஞ்ஞானிகளும் உண்டு, மறுப்போரும் உண்டு. மனிதன் வாழ முடியாத மண்ணில் மிருகம் வாழ்கிறது. அதை வெற்றி என்று கொண்டாட விவசாயியால் முடியாது.

எத்தனை பேர்?

மொத்தம் எத்தனை பேர் சாவார்கள்? 2005-ல் ஐக்கிய நாடுகளின் ஸ்தாபனங்கள் சேர்ந்து, அதிகம் அடிபட்டவர்களில் 4,000 பேர் வரை புற்றுநோயால் இறக்கக்கூடும் என்றன. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள், ஐரோப்பா முழுவதையும் கணக்கிட்டு, 2065-க்குள் சுமார் 16,000 என்றார்கள். இதைவிடப் பல மடங்கு சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஏன் இந்த வித்தியாசம்? நம்மில் எத்தனையோ பேருக்கு எப்படியும் புற்றுநோய் வரத்தான் செய்கிறது. கதிரியக்கத்தால் வந்த கட்டியில் அது எழுதி ஒட்டப்பட்டிருப்பதில்லை. லட்சக்கணக்கான சாவில் சில ஆயிரம் கூடினால் கண்ணுக்குத் தெரியாது. கணக்கிட்டுத்தான் சொல்ல வேண்டும். கணக்கிட ஆதாரம் வேண்டும். 1986-ல் பல ஆதாரங்களை ரகசியமாக்கினார்கள். பலவற்றை எழுதவே இல்லை. பெயரில்லாத சாவு யாருக்கும் செலவில்லாத சாவு. முதலாளி உலகமும் சரி, அதிகார வர்க்கமும் சரி, விரும்புவது அதைத்தான்.

பயமும் ஒரு வியாதி

உண்மையை மறைத்ததின் இன்னொரு பலனைப் பாருங்கள். யாரையும் நம்ப முடியாமல் போயிற்று. ஆபத்து இல்லாத இடத்திலும் ஜனங்கள் நடுங்கினார்கள். தூரத்துக் கிரீஸ் நாட்டில்கூட, குழந்தை குறையோடு பிறக்கும் என்று அஞ்சி, சுமார் 2,500 தாய்மார்கள் விரும்பிச் சுமந்த கருவைக் கலைத்ததாக டாக்டர்கள் கணக்கிட்டார்கள். அங்கே விழுந்த கதிரியக்கம் அதற்குச் சற்றும் காரணமாகாது. துப்புரவுத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்குப் பரம்பரையாகக் குறை வருமா என்று 2021-ல் மரபணுவைச் சோதித்தார்கள். அப்படி அதிகப்படியான மாறுதல் எதுவும் காணவில்லை. ஆகவே "செர்னோபில்காரன்" என்று அந்தப் பிள்ளைகளைக் கல்யாணத்துக்கு ஒதுக்கியதும் பள்ளியில் தள்ளி உட்கார வைத்ததும் அநியாயம்.

ஊரிழந்த துக்கம், குடி, வேலையின்மை, நாளை என்ன ஆகுமோ என்ற கவலை, இவையும் உடலைக் கெடுத்தன. இதைக் காட்டி, "வியாதியெல்லாம் வெறும் பயம்" என்று சில மேதாவிகள் தட்டிக் கழித்தார்கள். அதுவும் தப்பு. பயத்தை உண்டாக்கியது பொய். பொய் சொன்னவன்தான் அதற்கும் பொறுப்பு.

மூடியை மூட மூடி

உடைந்த உலைக்குள் சுமார் 200 டன் எரிபொருள் இன்னும் இருக்கிறது. 1986 நவம்பரில் அவசரமாகக் காங்கிரீட்டு உறை போட்டார்கள். அது விரிசல் விட்டது. 2016-ல் அதன் மேல் பிரம்மாண்டமான உருக்கு வளைவை நகர்த்தி மூடினார்கள். பல நாடுகளின் பணம், நூறு கோடி யூரோவுக்கு மேல். அதற்கு ஆயுள் 100 வருஷம் என்றார்கள். 2022 பிப்ரவரியில் யுத்தம் அங்கே வந்தது. ருஷ்ய ராணுவம் ஒரு மாதத்துக்கு மேல் நிலையத்தைப் பிடித்து வைத்திருந்தது. 2025 பிப்ரவரி 14-ல் டிரோன் ஒன்று மோதி அந்த வளைவிலும் ஓட்டை விழுந்தது. 24,000 வருஷத்துச் சரக்கு. 100 வருஷத்து மூடி. ஒன்பது வருஷத்துக்குள் ஓட்டை! அடுத்த 100 வருஷம் அந்த மண்ணில் யுத்தமே வராது என்று எண்ணித்தானே அந்தக் கணக்கைப் போட்டார்கள்?

இது ஒரு நாட்டின் குற்றமா?

"அது ருஷ்யாக்காரன் செய்தது, எங்களிடம் நடக்காது" என்று அன்று மேல் நாட்டு முதலாளிகள் மார்தட்டினார்கள். 1957 விண்ட்ஸ்கேல் விபத்தின் முழு விசாரணை அறிக்கையைப் பிரதமர் மாக்மில்லன் அமுக்கி வைத்தார். 1988-ல்தான் வெளியே வந்தது. அதே 1957 செப்டம்பரில் சோவியத் யூரல் பிரதேசத்தில் மயாக் என்ற இடத்தில் அணுக் கழிவுத் தொட்டி வெடித்தது; சர்க்கார் ஒப்புக்கொண்டது 1989-ல். ஜப்பானில் டோக்கியோ மின்சாரக் கம்பெனி, 15 மீட்டருக்கு மேல் கடல் அலை வரலாம் என்று 2008-ல் தன் கணக்கிலேயே கண்டது. சுவரை உயர்த்தினால் செலவு. 2011 மார்ச் 11-ல் அலை வந்தது. புக்குஷிமாவில் மூன்று உலைகள் உருகின. 1 லட்சத்து 60 ஆயிரம் பேர் வீடிழந்தார்கள். துப்புரவுக்கு யார் போனார்கள்? காண்டிராக்டருக்குக் கீழே காண்டிராக்டர், அவனுக்குக் கீழே தினக்கூலி.

ஒரு இடத்தில் லாபத்துக்காக மறைத்தார்கள். இன்னொரு இடத்தில் பதவிக்காகவும் பெருமைக்காகவும் மறைத்தார்கள். மறைத்ததின் பாரம் இரண்டு இடத்திலும் உழைப்பவன் தலையில்தான்.

நம் கரையிலும் கல்பாக்கம் இருக்கிறது; கூடங்குளம் இருக்கிறது. கூடங்குளத்துக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 1988 நவம்பரில், செர்னோபிலுக்கு இரண்டரை வருஷத்துக்குப் பிறகு. அங்குள்ள உலை வேறு மாதிரி. செர்னோபிலில் இல்லாத கனத்த காங்கிரீட்டுக் கூடு அதற்கு உண்டு. இரண்டும் ஒன்று என்று சொல்வது சரியல்ல. ஆனால் 2011-லும் 2012-லும் இடிந்தகரை மீனவ ஜனங்கள் கேட்ட கேள்வி நியாயமானது: எங்களுக்கு எப்போது, யார், எப்படிச் சொல்வீர்கள்?

நாம் கேட்க வேண்டியது

தோழர்களே! விஞ்ஞானத்தின் மேல் நமக்குக் கோபமில்லை. கழுத்துக் கட்டியைக் கண்டுபிடித்ததும் விஞ்ஞானம்தான், மாட்டுக்கு மருந்து கொடுத்ததும் விஞ்ஞானம்தான். நம் கேள்வி, அது யார் கையில், யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டு இருக்கிறது என்பதே.

யந்திரத்தின் குறை, அதை ஓட்டுகிறவனுக்குத் தெரிய வேண்டும். அபாயம் நேர்ந்தால் முதல் செய்தி பக்கத்துக் கிராமத்துக்கு வர வேண்டும், தலைநகரத்துக்குப் போய்த் திரும்பி அல்ல. மாத்திரை ஊரில் இருக்க வேண்டும், கிடங்கில் அல்ல. வேலை செய்தவன் வாங்கிய கதிரின் அளவு எழுதிய காகிதம் அவன் கையில் இருக்க வேண்டும், அதிகாரியின் பீரோவில் அல்ல. வியாதி இருபது வருஷம் கழித்து வந்தாலும், "இதனால் வந்ததல்ல" என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலாளிக்கும் சர்க்காருக்கும் இருக்க வேண்டும், நோயாளிக்கு அல்ல.

இவை அணு உலைக்கு மட்டுமா? பஞ்சுத் தூசிக்கும், சாயப் பட்டறைக் கழிவுக்கும், வயலில் தெளிக்கும் பூச்சி மருந்துக்கும் இதே ஐந்தும் பொருந்தும். சங்கத்தில் இதைப் பேசுங்கள். மருந்து தெளிக்கப் போகும் தோழன் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொல்லட்டும். படிக்கத் தெரியாதவனுக்குப் படித்துக் காட்டுவது படித்தவன் கடமை.

செர்னோபில் குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கக்கூடியது பெரிய யந்திரம் எதுவும் அல்ல. "இந்தப் பாலைக் குடிக்காதே" என்ற ஒரே வாக்கியம். அதைச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தைக் கேட்டு வாங்குகிற பலம் நம் ஒற்றுமையில்தான் இருக்கிறது.